பெருவடிவத் திரைப்படங்களின் குறுக்கப் படி

குறுக்கப் படி என்பது, பெருவடிவப் படச்சுருளில் எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்தை வழக்கமான திரையரங்குகளில் காட்டுவதற்கேற்ப 35 மி.மீ. அளவுக்குச் சுருக்கி அச்சிட்ட படியைக் குறிக்கும். 65 மி.மீ., 70 மி.மீ., ஐமாக்ஸ், விஸ்டாவிஷன், சினெராமா முதலியன பெருவடிவங்கள் எனப்படுகின்றன. எண்ணிமப் படவீழ்த்திகள் பரவிய பின்னர், இதே பணி படச்சுருளை வருடி எண்ணிமக் கோப்பாக மாற்றுவதன் மூலம் செய்யப்படுகிறது.

70 மி.மீ. படவீழ்த்தி பொருத்தப்பட்ட அரங்குகள் எக்காலத்திலும் சிலவாகவே இருந்தன. ஆதலால் பெருவடிவத்தில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படங்களைப் பெரும்பாலான மக்கள் அவற்றின் மூல வடிவில் கண்டதில்லை. குறுக்கப் படியிலேயே கண்டனர். படத்தின் அளவைக் குறைப்பது ஒளியியலில் எளிய செயலே. ஆனால் வடிவ விகிதம், ஓட்ட வேகம், ஒலித்தடங்களின் எண்ணிக்கை ஆகியவை இரு வடிவங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை ஒவ்வொரு படத்துக்கும் யாரேனும் ஒருவர் தீர்மானிக்க வேண்டியுள்ளது.

சட்டக அளவுகள்

வழக்கமான 35 மி.மீ. படச்சுருள் செங்குத்தாக ஓடுகிறது. ஒரு சட்டகத்தின் உயரம் நான்கு துளைகள். நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 27 மீட்டர் சுருள் செலவாகும். சினிமாஸ்கோப் போன்ற அகலத்திரை முறைகளில், அனமார்பிக் வில்லை காட்சியை அகலவாக்கில் பாதியாக நெருக்கிச் சுருளில் பதிக்கிறது. திரையரங்கில் படவீழ்த்தியின் முன் உள்ள மற்றொரு வில்லை அதை மீண்டும் விரிக்கிறது. இவ்வாறு பதிவாகும் சட்டகம் சுமார் 22 மி.மீ. அகலமும் 18.6 மி.மீ. உயரமும் கொண்டது.

65 மி.மீ. முறையில் சட்டகத்தின் உயரம் ஐந்து துளைகள். அதன் அளவு சுமார் 52.5 மி.மீ. × 23 மி.மீ.; பரப்பளவில் இது மேற்கூறிய சட்டகத்தைப் போல் மூன்று மடங்கு. ஒளிப்பதிவுக் கருவியில் 65 மி.மீ. சுருளும் திரையரங்கில் 70 மி.மீ. சுருளும் பயன்படுவது பலருக்குக் குழப்பம் தருவதுண்டு. படம் இரண்டிலும் ஒரே அளவுதான். காட்சிப் படியில் கூடுதலாக உள்ள 5 மி.மீ., துளைகளுக்கு வெளியே இரு ஓரங்களிலும் காந்த ஒலித்தடங்களைப் பூசுவதற்காகச் சேர்க்கப்பட்டதாகும்.

ஐமாக்ஸ் முறையில் சுருள் கிடைமட்டமாக ஓடுகிறது. ஒரு சட்டகத்துக்குப் பதினைந்து துளைகள் தேவை. சட்டகத்தின் அகலம் ஏறத்தாழ 70 மி.மீ.; பரப்பளவு 35 மி.மீ. அனமார்பிக் சட்டகத்தைப் போல் எட்டு மடங்குக்கும் மேல். நிமிடத்துக்குச் சுமார் 103 மீட்டர் சுருள் ஓடுகிறது. 2023 இல் வெளிவந்த மூன்று மணி நேரப் படமான ஓப்பன்ஹைமரின் ஐமாக்ஸ் படி ஏறத்தாழ 18 கி.மீ. நீளமுடையது. வெளியீட்டின்போது அப்படியைக் காட்டக்கூடியனவாக உலகம் முழுவதும் 30 அரங்குகளே இருந்தன.

அச்சிடும் முறை

இதற்குப் பயன்படும் கருவி ஒளியியல் அச்சுப்பொறி எனப்படும். இதன் ஒரு முனையில் படவீழ்த்தி போன்ற அமைப்பும், மறு முனையில் ஒளிப்பதிவுக் கருவியும், இரண்டுக்கும் இடையில் வில்லையும் இருக்கும். 65 மி.மீ. சுருள் ஒருபுறம் சட்டகம் சட்டகமாக நகர, மறுபுறம் 35 மி.மீ. சுருளில் அதன் சிறிய உரு பதிவாகும். அனமார்பிக் படி தேவையெனில் நெருக்கும் வில்லை இப்பொறியிலேயே பொருத்தப்படும். அதாவது, படப்பிடிப்பில் சாதாரண வில்லையால் எடுக்கப்பட்ட காட்சி அச்சுக்கூடத்தில்தான் முதன்முறையாக நெருக்கப்படுகிறது.

மூல எதிர்மறையை அடிக்கடி பொறியில் ஓட்டினால் அது தேய்ந்துவிடும். எனவே முதலில் அதிலிருந்து ஓர் இடைநிலை நேர்ப்படி எடுக்கப்படுகிறது. அந்நேர்ப்படியைக் குறுக்கி 35 மி.மீ. இடைநிலை எதிர்மறை ஆக்குகின்றனர். திரையரங்குகளுக்கு அனுப்பும் படிகள் அனைத்தும் இந்த இரண்டாம் எதிர்மறையிலிருந்து அச்சிடப்படுகின்றன. சுருளில் கீறல்கள் இருப்பின், அதை ஒளிவிலகல் எண் ஒத்த ஒரு நீர்மத்தில் நனைத்தபடி அச்சிடுவர். நீர்மம் கீறலை நிரப்புவதால் அது படியில் தெரிவதில்லை.

குறுக்கும்போது படத்தின் தரம் முழுவதும் போய்விடுகிறது என்று எண்ணுவது சரியன்று. வெள்ளித் துகள்களின் அளவு சிறிய சுருளிலும் பெரிய சுருளிலும் ஒன்றே. பெரிய சட்டகத்தைச் சுருக்கும்போது துகள்களும் உடன் சுருங்குகின்றன. ஆகவே 65 மி.மீ. எதிர்மறையிலிருந்து எடுத்த 35 மி.மீ. படி, 35 மி.மீ. எதிர்மறையிலிருந்து எடுத்த படியைவிடத் தெளிவாகவும் துகள் குறைந்தும் இருக்கும்.

விஸ்டாவிஷன்

இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டு பாரமவுண்ட் நிறுவனம் 1954 இல் அறிமுகப்படுத்திய முறை விஸ்டாவிஷன் ஆகும். இதில் 35 மி.மீ. சுருளே கிடைமட்டமாக ஓடும். சட்டகம் எட்டுத் துளை அகலமுடையது. இம்முறையில் எடுத்த படங்களை அப்படியே கிடைமட்டமாகக் காட்டிய அரங்குகள் மிகச் சில. பெரிதாக எடுத்துச் சிறிதாகக் காட்டுவதே இம்முறையின் நோக்கமாக இருந்தது. திரையரங்க உரிமையாளர் புதிய படவீழ்த்தி வாங்க வேண்டிய தேவையும் எழவில்லை.

அக்காலத்தில் அரங்குக்கு அரங்கு திரையின் வடிவம் வேறுபட்டது. இதற்குப் பாரமவுண்ட் கண்ட தீர்வு எளிமையானது. சுருளின் தொடக்கத்தில், படத்தின் வலது மேல் மூலையில் ஒரு குறி சில சட்டகங்களுக்குத் தோன்றும். 1.66:1, 1.85:1, 2:1 ஆகிய வடிவங்களில் எதில் காட்டினாலும் படத்தின் மேல் விளிம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை அக்குறியைப் பார்த்துப் படவீழ்த்தி இயக்குநர் சரிசெய்துகொள்வார். எதை வெட்டுவது என்னும் முடிவை இவ்வாறு படத்தை எடுத்தவர்களே சுருளில் எழுதி அனுப்பினர்.

1960களின் தொடக்கத்தில் இம்முறையில் முழுப்படம் எடுப்பது நின்றுபோயினும், கருத்து மறையவில்லை. ஸ்டார் வார்ஸ் (1977) படத்தின் தந்திரக் காட்சிகள் விஸ்டாவிஷனில் எடுக்கப்பட்டன. பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும்போது ஒவ்வொரு முறையும் துகள் கூடும். பெரிய சட்டகத்தில் தொடங்கிக் கடைசியில் குறுக்கினால், தந்திரக் காட்சி மற்றக் காட்சிகளோடு வேறுபாடின்றி இணையும். குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆப் த தேர்ட் கைன்ட் (1977), பிளேட் ரன்னர் (1982) ஆகியவற்றின் தந்திரக் காட்சிகளுக்கு 65 மி.மீ. சுருள் இதே காரணத்துக்காகப் பயன்பட்டது. முழுநீளப் படங்களுக்கு விஸ்டாவிஷன் மீண்டும் பேசப்பட்டது த புரூட்டலிஸ்ட் (2024) வெளிவந்தபோதாகும்.

வடிவ விகிதமும் வெட்டும்

65 மி.மீ. சட்டகத்தின் வடிவ விகிதம் 2.20:1. 35 மி.மீ. அனமார்பிக் படியின் விகிதம் 2.35:1, பின்னாளில் 2.39:1. எனவே அகலத்தை முழுதாக வைத்துக்கொண்டால் மேலும் கீழுமாக 6 முதல் 8 விழுக்காடு வெட்டுப்படும். பக்கங்களில் கருப்புப் பட்டை விட்டு உயரத்தைக் காப்பது மற்றொரு வழி. இந்த அளவு இழப்பைப் பார்வையாளர் பெரும்பாலும் உணர்வதில்லை.

அல்ட்ரா பனாவிஷன் 70 முறையில் நிலைமை நேர்மாறானது. இதன் முதற்பெயர் எம்ஜிஎம் கேமரா 65. 65 மி.மீ. சுருளிலேயே 1.25 மடங்கு நெருக்கிப் பதிப்பதால் இதன் விகிதம் 2.76:1 வரை செல்கிறது. இதை 2.35:1 ஆக்கினால் பக்கங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு போய்விடும். பென்-ஹர் (1959) இம்முறையில் எடுக்கப்பட்டது. அதன் தேரோட்டக் காட்சியில் ஓரத்தில் ஓடும் ஒரு தேரை இழப்பதும் இழப்பே என்பதால், மேலும் கீழும் மெல்லிய கருப்புப் பட்டை விட்டு ஓரளவு அகலத்தைக் காக்கும் 35 மி.மீ. படிகள் தயாரிக்கப்பட்டன.

இம்முறையில் எடுக்கப்பட்ட முதல் படம் ரெயின்ட்ரீ கவுன்டி (1957). அது வெளிவரும் வேளையில் 70 மி.மீ. வசதி கொண்ட அரங்குகளை அரவுண்ட் த வேர்ல்ட் இன் 80 டேஸ் படம் பிடித்துக்கொண்டிருந்தது. இதனால் ரெயின்ட்ரீ கவுன்டி 35 மி.மீ. குறுக்கப் படியாக மட்டுமே வெளியிடப்பட்டது. ஒரு பெருவடிவத்தின் முதற்படமே தன் வடிவில் திரையிடப்படாமற் போனது திரைப்பட வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வெட்டப்படாத பகுதியிலும் இழப்பு உண்டு என்பதற்கு லாரன்ஸ் ஆப் அரேபியா (1962) நல்ல எடுத்துக்காட்டாகும். ஒமர் ஷெரிப் கானல்நீரின் ஊடே ஒட்டகத்தில் தோன்றும் காட்சியை ஒளிப்பதிவாளர் பிரெடி யங் 482 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லையால் எடுத்தார். தொடுவானில் ஒரு புள்ளி தெரிகிறது. அது மெல்ல மனிதனாகிறது. 70 மி.மீ. படியில் அப்புள்ளியைப் பார்வையாளர் தாமே தேடிக் கண்டுபிடிக்கிறார். படி சிறுக்கச் சிறுக்க, திரையும் சிறுக்க, புள்ளி கண்ணுக்குப் புலப்படும் நேரம் தள்ளிப்போகிறது. காட்சியின் நீளமோ மாறுவதில்லை. அதனால் சிறு திரையில் அது வெறும் காத்திருப்பாகத் தோன்றக்கூடும். படத்தொகுப்பின் வேகமே திரையின் அளவைக் கருதி அமைக்கப்படுவதால், இக்குறையை எந்த அச்சுப்பொறியாலும் நிறைவு செய்ய இயலாது.

ஓட்ட வேகம்: ஒக்லகோமா!

மைக்கேல் டாடும் அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனமும் உருவாக்கிய டாட்-ஏஓ முறையின் முதற்படம் ஒக்லகோமா! (1955). பெரிய வளைதிரையில் அசைவு நடுக்கமின்றித் தெரிய வேண்டும் என்பதற்காக இம்முறையில் நொடிக்கு 30 சட்டகங்கள் பதிவாயின. ஆனால் 35 மி.மீ. படவீழ்த்திகள் 24 சட்டகங்களுக்கே அமைந்தவை. 30 சட்டகப் படத்தை 24 இல் ஓட்டினால் அசைவு மந்தமாகும், குரல் தடித்துவிடும். ஐந்தில் ஒரு சட்டகத்தை நீக்கினாலோ நொடிக்கு ஆறு முறை அசைவு துள்ளும். ஆடலும் பாடலும் நிறைந்த படத்துக்கு இரண்டும் ஒவ்வாதவை.

ஆகவே இயக்குநர் பிரெட் சின்னமன் படத்தை இருமுறை எடுக்க வேண்டியதாயிற்று: டாட்-ஏஓ முறையில் ஒன்று, 35 மி.மீ. சினிமாஸ்கோப்பில் ஒன்று. நடிகர்கள் ஒரே காட்சியை மீண்டும் நடித்தனர். எனவே ஒக்லகோமா! என்ற பெயரில் உள்ளவை ஒரே படத்தின் இரு படிகள் அல்ல. நடிப்பிலும் காட்சிக் கோணத்திலும் நுண்மையாக வேறுபடும் இரு படங்கள் அவை. சினிமாஸ்கோப் படமே பெரும்பாலான ஊர்களுக்குச் சென்றது.

அரவுண்ட் த வேர்ல்ட் இன் 80 டேஸ் (1956) படமும் 30, 24 என்ற இரு வேகங்களில் எடுக்கப்பட்டது. செலவு தாங்கக்கூடியதாக இல்லை. சவுத் பசிபிக் (1958) முதற்கொண்டு டாட்-ஏஓ 24 சட்டகங்களுக்கு இறங்கியது. சுருங்கக் கூறின், சிறிய வடிவத்துக்கு மாற்ற வேண்டிய கட்டாயம் பெரிய வடிவத்தையே மாற்றிவிட்டது. ஒக்லகோமாவின் 65 மி.மீ. வடிவம் மூல வேகத்திலேயே மீட்டெடுக்கப்பட்டு 2014 இல் மீண்டும் திரையிடப்பட்டது.

சினெராமா

மூன்று ஒளிப்பதிவுக் கருவிகளால் எடுத்து, மூன்று படவீழ்த்திகளால் ஆழ்ந்து வளைந்த திரையில் காட்டப்பட்ட சினெராமாவைக் குறுக்குவது எல்லாவற்றிலும் கடினமானது. அதன் ஓட்ட வேகம் 26 சட்டகங்கள். 1962 இல் வெளிவந்த ஹௌ த வெஸ்ட் வாஸ் வொன் கதைப்படத்துக்கு, பின்னர் ஒற்றைச் சுருளாக மாற்றும் எண்ணத்துடன், வேகம் 24 ஆகக் குறைக்கப்பட்டது.

மூன்று சுருள்களும் ஒன்றாகச் சேர்த்து 35 மி.மீ. அனமார்பிக் படியாக அச்சிடப்பட்டன. இணைப்புக் கோடுகள் இரண்டும் திரையில் தெளிவாகத் தெரிந்தன. அதைவிடப் பெரிய குறை வளைவு நீங்கியது. வளைதிரையில் ஒருவரையொருவர் நோக்குவதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக நடிகர்கள் படப்பிடிப்பில் சற்றே விலகிய திசையில் பார்த்து நடித்திருந்தனர். தட்டைத் திரையில் அவர்கள் வெற்றிடத்தோடு பேசுவதுபோல் ஆயிற்று. நேரான வேலியும் இருப்புப்பாதையும் இணைப்புக் கோட்டில் முறிந்து நின்றன. இக்கோடுகள் பெருமளவு மறைந்தது 2008 இல் வெளியான எண்ணிம மீட்புப் பதிப்பில்தான். அதே வெளியீட்டில், படத்தின் மேல், கீழ் விளிம்புகளை வில்போல் வளைத்து வளைதிரையின் தோற்றத்தைத் தரும் மற்றொரு பதிப்பும் சேர்க்கப்பட்டது.

ஐமாக்ஸ் காட்சிகள்

ஐமாக்ஸ் சட்டகத்தின் விகிதம் 1.43:1, ஏறக்குறையச் சதுரத்தை நெருங்குவது. இதை 2.39:1 ஆக்க உயரத்தில் ஐந்தில் இரு பங்கை விட்டுவிட வேண்டும். 70 மி.மீ. ஐந்து துளைப் படிக்கு (2.20:1) மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும், ஐமாக்ஸ் எண்ணிமத் திரைக்கு (1.90:1) கால் பங்கும் போகும்.

ஐமாக்ஸ் ஆவணப்படங்களில் முக்கியப் பொருள் சட்டகத்தின் நடுவில் வைக்கப்படுவதில்லை. செங்குத்தான இருக்கை வரிசையில் அமர்ந்திருப்பவரின் நேர்ப்பார்வை திரையின் கீழ்ப்பகுதியில் விழுவதால், முகமும் தொடுவானும் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அமைக்கப்படுகின்றன. மேலே உள்ள பெரும் வெளி, பார்ப்பதற்காக அன்றி அதனுள் இருப்பதாக உணர்வதற்காக விடப்படுவது. இத்தகைய படத்தின் நடுப்பகுதியை மட்டும் பட்டையாக வெட்டி எடுத்தால் தலைக்கு மேல் வெற்றிடமும் கழுத்தோடு முடியும் உடலும் எஞ்சும். எனவே ஒவ்வொரு காட்சிக்கும் வெட்டும் பட்டையை மேலோ கீழோ நகர்த்திப் பொருத்த வேண்டும்.

கிறிஸ்டோபர் நோலனின் த டார்க் நைட் (2008) ஐமாக்ஸ் கருவிகளைப் பகுதியாகப் பயன்படுத்திய முதல் பெரும் கதைப்படமாகும். அதில் ஏறத்தாழ 28 நிமிடங்கள் இவ்வாறு எடுக்கப்பட்டன. ஒளிப்பதிவு வாலி பிஸ்டர். ஐமாக்ஸ் அரங்கில் இக்காட்சிகள் வரும்போது படம் மேலும் கீழும் விரிந்து திரை முழுவதையும் நிரப்பும். 35 மி.மீ. படியிலோ அனைத்தும் 2.40:1 பட்டைக்குள் அடங்கும். எது ஐமாக்ஸ் காட்சி என்பதை அதன் துகளற்ற தெளிவைக் கொண்டே ஊகிக்க முடியும். இத்தகைய படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் இரண்டு சட்டகங்களுக்கும் ஒரே நேரத்தில் இசைவாகக் காட்சியை அமைக்கிறார்: கதைக்கு இன்றியமையாதது அகலப் பட்டைக்குள் இருக்க வேண்டும், பட்டைக்கு வெளியே இருப்பது அழகூட்ட வேண்டும், ஆனால் அது இல்லாமலும் கதை புரிய வேண்டும். பெரிய சட்டகத்தின் முழு ஆற்றலையும் பயன்படுத்துவதை இக்கட்டுப்பாடு ஓரளவு தடுக்கிறது என்பதை மறுக்க இயலாது.

நோலனின் டன்கர்க் (2017) ஐமாக்ஸ் சுருள், ஐந்து துளை 70 மி.மீ., 35 மி.மீ., எண்ணிமம் எனப் பல வடிவங்களில் ஒரே வேளையில் வெளியானது. ஊருக்கு ஊர் மக்கள் கண்ட சட்டகம் வேறுவேறாக இருந்தது.

ஒலி

70 மி.மீ. படியின் ஆறு காந்தத் தடங்கள் 35 மி.மீ. படியில் நான்கு காந்தத் தடங்களாகவோ, பெரும்பாலும் ஒற்றை ஒளியியல் தடமாகவோ ஒடுக்கப்பட்டன. எண்ணிம ஒலி வந்த 1990களுக்குப் பின் இவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது.

எண்ணிம முறை

இக்காலத்தில் பெருவடிவச் சுருள் சட்டகம் சட்டகமாக வருடப்படுகிறது. 65 மி.மீ. சுருளை அகலவாக்கில் ஏறத்தாழ 8000 படப்புள்ளிகள் வரை வருடுவது வழக்கம். பராக்கா (1992) படம் 2008 இல் இவ்வாறு வருடப்பட்டது. அதே இயக்குநர் ரான் பிரிக் எடுத்த சம்சாரா (2011) 65 மி.மீ. சுருளில் படமாக்கப்பட்டு எண்ணிம வடிவிலேயே திரைக்கு வந்தது. திரையரங்குக்குச் செல்லும் கோப்பின் உச்ச அளவு அகலத்திரைக்கு 4096 × 1716, 1.85:1 திரைக்கு 3996 × 2160 படப்புள்ளிகள். பெரிதாக வருடிச் சிறிதாக்குவதால் துகள் குறைவதும் விளிம்பு கூர்மையாவதும் ஒளியியல் அச்சில் போலவே இங்கும் நிகழ்கின்றன. வெட்டும் பட்டையை ஒரு காட்சியின் நடுவிலேயே மெல்ல நகர்த்தவும் கணினியில் இயலும்.

எதிர்த்திசை மாற்றம்

35 மி.மீ. படத்தைப் பெரிதாக்கி 70 மி.மீ. படியாக வெளியிடுவது இதற்கு நேர் எதிரான செயலாகும். இந்தியாவில் "70 எம்எம்" என்ற விளம்பரத்தோடு ஓடிய ஷோலே (1975) 35 மி.மீ. சுருளில் எடுத்துப் பெரிதாக்கப்பட்டதே. விளம்பரத்தில் காணும் எண் படப்பிடிப்பின் வடிவத்தைக் குறிப்பதாகக் கொள்ளலாகாது.

பாதுகாப்பில் குறுக்கப் படியின் பங்கு

1950, 1960களின் 70 மி.மீ. படிகள் ஈஸ்ட்மன் வண்ணச் சுருளில் அச்சிடப்பட்டவை. அவற்றின் நீல, மஞ்சள் சாயங்கள் காலப்போக்கில் மங்கியதால் எஞ்சியுள்ள பல படிகள் இன்று இளஞ்சிவப்பாகக் காணப்படுகின்றன. அதே படங்களுள் சிலவற்றின் 35 மி.மீ. குறுக்கப் படிகளோ டெக்னிகலர் நிறுவனத்தின் சாயமேற்றும் முறையில் அச்சிடப்பட்டன. அச்சாயங்கள் எளிதில் மங்குவதில்லை. எனவே ஒரு பெருவடிவப் படத்தை மீட்டெடுக்கும்போது நுண்விவரங்களை 65 மி.மீ. எதிர்மறையிலிருந்தும், வெளியீட்டின்போது வானமும் உடையும் எந்த நிறத்தில் இருந்தன என்பதைக் குறுக்கப் படியிலிருந்தும் அறிந்துகொள்ளும் நிலை ஏற்படுகிறது.

வெர்ட்டிகோ (1958) மீட்பில் மாற்றம் எதிர்த்திசையில் சென்றது. விஸ்டாவிஷனில் எடுத்து, குறுக்கப் படியாகவே மக்கள் கண்ட அப்படத்தை ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் கட்ஸ் இருவரும் 1996 இல் மீட்டபோது, எட்டுத் துளைச் சட்டகத்தை 65 மி.மீ. சுருளுக்கு மாற்றி 70 மி.மீ. படிகளாக வெளியிட்டனர். அப்பெரிய எதிர்மறையில் பதிவான விவரங்கள் பெருவடிவப் படியாகப் பரவலாகத் திரைக்கு வருவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.